கடற்கரை ஊரில் முதல் ஆர்சி ட்ரக்: எந்த மோட்டர், எந்தப் பற்றரி, எந்த ரிமோட்?

ஆர்சி, அதாவது ரிமோட்டில் ஓடுகிற விளையாட்டு ட்ரக்கின் கிட் பெட்டியைத் திறந்தால் சில்லு, அச்சு, கியர், உடல், எண்ணி முடியாத ஸ்க்ரூ எல்லாம் இருக்கும். ஓட வைக்கிற சாமான்தான் இருக்காது. டமியா என்ற ஜப்பான் நிறுவனத்தின் பெரும்பாலான கிட்களில் 540 என்ற அளவு மோட்டர் ஒன்றைப் போட்டே தருவார்கள். விற்கிற நாட்டைப் பொறுத்துச் சிலவற்றில் மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்பீட் கொன்ட்ரோலரும் இருக்கும். ரிமோட், வண்டிக்குள் அதன் சிக்னலை வாங்குகிற ரிசீவர், சில்லைத் திருப்புகிற சேர்வோ, பற்றரி, சார்ஜர் ஐந்தும் நம் தலையில்.

அக்காவின் மகனுக்கு அவனுடைய கனடாப் பெரியப்பா இப்படி ஒரு பெட்டியைச் சூட்கேசில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். 10இல் 1 அளவு ட்ரக். பையனுக்கு வயது 14. பெட்டி கைக்கு வந்த மூன்றாம் நாளே போனும் கையுமாக வந்து நின்றான்.

"மாமா, பிரஷ்லெஸ் போட்டா 60 கிலோமீற்றர் வேகத்தில ஓடுமாம்."

"எங்க ஓடப்போறாய்?"

அவனிடம் பதில் இல்லை. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். திருகோணமலையில் ஒரு பையன் ட்ரக் ஓட்டக்கூடிய இடங்களை விரல் விட்டு எண்ணலாம். உப்புவெளிக் கடற்கரை, நிலாவெளிப் பக்கம், ஊர் மைதானம் ஒன்று, கன்னியா போகிற வழியில் கல்லும் கிரவலுமான வெளி, பிறகு வீட்டு ஒழுங்கை. கோட்டைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பிரட்ரிக் கோட்டை இன்றைக்கும் இராணுவ முகாம், கோணேசர் கோயிலுக்குப் போகிற சனமும் மான்களும் நடக்கிற வழி. ஆகவே நமக்குக் கிடைப்பது மணலும் கல்லும் உப்புக்காற்றும். உடைந்த சாமானுக்கு மாற்று வேண்டுமென்றால் கொழும்பு கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

மோட்டரில் இருந்து தொடங்குவோம், சண்டை அங்கேதான். பெட்டியோடு வருகிற வெள்ளி நிற 540 மோட்டர் பிரஷ் உள்ளது, அதாவது சுழலும் சுருளுக்கு உரசியபடி மின்சாரம் கொடுக்கிற கரித்துண்டு உள்ளது. பிரஷ்லெஸ் என்றால் அது இல்லாதது. இதன் சுருளில் கம்பி 27 சுற்று. சுற்று கூடினால் வேகம் குறையும், இழுவை கூடும். பாறை ஏறுகிற வண்டிகளுக்கு 35, 55 சுற்று என்று போடுவது அதனால்தான். பிரஷ்லெஸ் மோட்டரில் பெரும்பாலும் சுற்றைச் சொல்ல மாட்டார்கள், கேவி என்று ஒரு எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்பது அது. 3300 கேவி மோட்டரை 7.4 வோல்ட் பற்றரியில் சுமையில்லாமல் ஓடவிட்டால் 24,420 சுழற்சி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

பிரஷ்லெஸ்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தேய்வதற்கு அதில் பிரஷ் இல்லை. அதே பற்றரியில் கூடுதல் நேரம் ஓடும். தண்ணீர் பட்டாலும் பெயாரிங்தான் துருப்பிடிக்கும், மோட்டர் சாகாது. கடற்கரை ஊருக்கு அதுவே பொருத்தம் என்று ஒருவர் வாதாடினால் என்னால் முழுக்க மறுக்க முடியாது. ஆனால் தொடக்கக் கிட்டின் கியரும் அச்சும் அந்த வேகத்துக்குச் செய்தவை அல்ல. பல கிட்களில் பெயாரிங் இருக்க வேண்டிய இடத்தில் புஷ் என்கிற பிளாஸ்ரிக் வளையம்தான் இருக்கும். அதற்குள் மணல் புகுந்து, மேலே இருந்து பிரஷ்லெஸ் இழுத்தால், இளகிப்போவது கியர். மற்றது, சுழலும் நிலையை அறிகிற சென்சர் இல்லாத மலிவு பிரஷ்லெஸ் மெல்லப் புறப்படும்போது திக்கித் திக்கித்தான் போகும். கல்லில் ஏறப் பார்க்கிற பிள்ளைக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை. பிரஷ் மோட்டர் கெட்டால் இரண்டு வயரையும் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றி வேறொன்றைப் போடலாம். பிரஷ்லெஸ் என்றால் கொன்ட்ரோலரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

என் முடிவு: முதல் வருடத்துக்குப் பெட்டியில் வந்த 540. வேறு 540 வாங்குவதென்றால் அச்சின் தடிப்பு 3.17 மில்லிமீற்றரா என்று பாருங்கள், இல்லையென்றால் கிட்டின் சின்னக் கியர் அதில் ஏறாது.

ஸ்பீட் கொன்ட்ரோலரில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. பெட்டியில் இருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் ஹொபிவிங் குவிக்ரன் 1060 மாதிரியானது போதும். 60 அம்பியர், 2 செல் அல்லது 3 செல் லிப்போ, அதாவது லித்தியம் பொலிமர் பற்றரி, தாங்கும், தண்ணீர் புகாதபடி அடைத்தது. 2 செல்லில் 12 சுற்று மோட்டர் வரைக்கும் சொல்லியிருக்கிறார்கள், நம்முடைய 27 சுற்றுக்கு அது தாராளம். பாறை ஏறுவதுதான் ஆசை என்றால் அதே நிறுவனத்தின் 1080ஐப் பார்க்கலாம். கையை விட்டதும் சரிவில் வண்டியைப் பிடித்து வைக்கிற பிரேக்கைக் கூட்டிக் குறைக்க அதில் வழி உண்டு. மணலுக்கு அது தேவையில்லை.

பற்றரியில்தான் பணமும் ஆபத்தும். இரண்டு வழி. ஒன்று நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், 1.2 வோல்ட் செல் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட். மற்றது 2 செல் லிப்போ, 7.4 வோல்ட், முழுச் சார்ஜில் 8.4. லிப்போ பாரம் குறைவு. கடைசிவரை ஒரே உசாராக இழுக்கும். நிக்கல் போகப்போகச் சோர்ந்துபோகும். ஓட்டிப் பார்த்தால் யாரும் லிப்போவைத்தான் எடுப்பார்கள்.

ஆனால் லிப்போவுக்கு ஒழுக்கம் வேண்டும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஓட்டாமல் வைக்கும் நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். இரண்டு செல்லையும் சமப்படுத்துகிற சார்ஜர் வேண்டும். 2000 மில்லி அம்பியர் மணி பற்றரிக்கு 2 அம்பியரில்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும், மெத்தையிலோ மரமேசையிலோ வைக்கக்கூடாது. நான் வைப்பது சீமெந்துத் தரையில், ஒரு பழைய மண்சட்டிக்குள். வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் பற்றரியை மறந்துவிடலாம்.

என் முதல் லிப்போ ஆறாவது வாரத்திலேயே வீங்கியது. பிழை என்னுடையது. இந்தக் கொன்ட்ரோலர்களில் நகம் அளவு கறுப்புத் துண்டு ஒன்று இருக்கும், ஜம்பர் என்பார்கள். அதை லிப்போ பக்கம் குத்தினால் 2 செல் பற்றரி 6.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் மோட்டரின் வலுவைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். நிக்கல் பக்கம் இருந்தால் 4.5 வரைக்கும் விட்டுவிடும், அதாவது செல்லுக்கு 2.25. நான் நிக்கல் பற்றரியில் ஓட்டிப் பழகியவன். புதிதாய் லிப்போ வந்த சந்தோஷத்தில் ஜம்பரை மாற்றவில்லை. ஒவ்வொரு முறையும் வண்டி தானாக நிற்கும்வரை ஓட்டினேன். "நல்ல பற்றரி, எவ்வளவு நேரம் ஓடுது பார்" என்று மற்றவர்களிடம் புளுகவும் செய்தேன்.

இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. லித்தியம் பற்றரியை விமானப் பார்சலில் அனுப்பப் பலர் மறுப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிற ஆளிடம் சொல்லி எடுப்பதென்றால் அது கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய சூட்கேசில் போடக்கூடாது. 100 வாட் மணிக்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 7.4 வோல்ட், 5000 மில்லி அம்பியர் மணி என்றால் 37 வாட் மணிதான் வருகிறது, கவலையில்லை. முனைகளில் டேப் சுற்றச் சொல்லுங்கள்.

சார்ஜரையும் அவரிடமே சொல்வதென்றால் கவனம். கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. சார்ஜரின் அடியில் 100 முதல் 240 வரை என்று அச்சடித்திருந்தால் பிளக்குக்கு ஒரு அடப்டர் போதும். 120 மட்டும் என்றிருந்தால் அதை இங்கே சுவரில் குத்தாதீர்கள், புகைதான் வரும். மருமகனின் பெரியப்பா அன்பாகக் கொண்டுவந்த சார்ஜர் அப்படிப்பட்டதுதான். நல்லவேளை, பையன் குத்துவதற்கு முன் கொண்டுவந்து காட்டினான்.

அப்போது எது? 14 வயதுப் பிள்ளை தனியாக ஏற்றி இறக்கப் போகிறான் என்றால் நிக்கல், 3000 மில்லி அம்பியர் மணி அளவில் இரண்டு. வண்டி சராசரியாக 10 அம்பியர் இழுத்தால் ஒன்று 18 நிமிடம் வரும், உப்புவெளியின் காய்ந்த மணலில் அதைவிடக் குறையும். சார்ஜர் மட்டும் நிரம்பியதைக் கண்டுபிடித்துத் தானாக நிற்கிறதாக இருக்கட்டும். இரண்டு வகையையும் ஏற்றக்கூடிய சார்ஜராக இப்போதே எடுத்தால் பின்னால் லிப்போவுக்குப் போகும்போது அந்தச் செலவு மிச்சம். பெரியவர் ஒருவர் கூடவே நிற்கிறார், அவருக்கும் இதில் பைத்தியம் என்றால் நேரே 2 செல் லிப்போ.

பழைய நிக்கல் பற்றரிகளில் வருகிற வெள்ளை டமியா பிளக் ஓட்டத்தில் சூடாகி இளகும். அதை வெட்டி எக்ஸ்டி 60 அல்லது டி பிளக் போடுவது நல்லது. போன் திருத்துகிற மெல்லிய சோல்டரிங் அயர்ன் இந்தத் தடித்த வயருக்குச் சூடு காணாது, 60 வாட் வேண்டும். பற்றரிப் பக்கத்தில் இரண்டு வயரையும் ஒரே வெட்டில் வெட்டிவிடாதீர்கள். கத்தரிக்கோல் இரண்டையும் தொட்ட அந்த நொடியில் பற்றரி ஷோர்ட் ஆகும். ஒன்றை வெட்டி, ஒட்டி, மூடிய பிறகு மற்றது.

சேர்வோ என்பது முன் சில்லைத் திருப்புகிற பெட்டி. புதியவர்கள் மோட்டரில் செலவழித்துவிட்டு இதில் கஞ்சத்தனம் செய்வார்கள். என்னைக் கேட்டால் மறுபக்கமாகச் செய்ய வேண்டும். சாதாரண பிளாஸ்ரிக் கியர் சேர்வோ 3 கிலோ அளவில் தள்ளும். அச்சில் இருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி எத்தனை கிலோவைத் தாங்கும் என்ற கணக்கு அது. சீமெந்துத் தரைக்கு அது காணும். அகலச் சில்லு ஈர மணலில் புதைந்து நிற்கும்போது காணாது. எம்ஜி 996 ஆர் வகை உலோகக் கியர் சேர்வோ 6 வோல்ட்டில் 11 கிலோவுக்கு என்று போட்டிருப்பார்கள், ஆனால் தண்ணீருக்கு அடைத்ததல்ல. அதற்கு மேலே 20 கிலோ டிஜிட்டல் சேர்வோக்கள், பலவும் தண்ணீர் தாங்கும் என்று எழுதி வருபவை.

பெரிசாய்ப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு பொறி. சேர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் கொடுப்பது கொன்ட்ரோலருக்குள் இருக்கிற பெக் என்ற சின்னச் சுற்று. மலிவானவற்றில் அது 2 அம்பியர்தான் கொடுக்கும். சில்லு கல்லில் மாட்டி 20 கிலோ சேர்வோ முழு மூச்சாக முக்கும்போது அது அதற்கு மேலே கேட்கும். வோல்ட் விழும், ரிசீவர் ஒரு கணம் அணைந்து எரியும், வண்டி கேட்பாரில்லாமல் நிற்கும் அல்லது தன்பாட்டில் போகும். ஆட்கள் இதை "ரிமோட் பழுது" என்று சொல்லி ரிமோட்டை மாற்றுவார்கள். 3 அம்பியர் பெக் உள்ள கொன்ட்ரோலரும் 10 முதல் 15 கிலோ வரையான, தண்ணீர் தாங்கும் உலோகக் கியர் சேர்வோவும் என்பது என் பொருத்தம். 20 கிலோதான் வேண்டுமென்றால் தனியாக ஒரு பெக் போட இடமும் காசும் ஒதுக்குங்கள்.

வாங்கும்போது சேர்வோ அச்சின் பற்களைக் கேளுங்கள். ஃபியூட்டாபா நிறுவனத்தின் வழிவந்தவை 25 பல், ஹைடெக் 24, ஜேஆர் வகை 23. அந்த அச்சில் பூட்ட, கையோடு வருகிற பிளாஸ்ரிக் கொம்பு பொருந்தாவிட்டால் அமர்த்திப் பிடித்து ஏற்றுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் நாள் அது சுழலும். டமியா கிட்டில் மூன்று வகைக்கும் துண்டு போட்டுத் தருவது வழக்கம், அறிவுறுத்தல் தாளில் எதை எடுப்பது என்று இருக்கும்.

இனி ரிமோட். துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிறதா, இரண்டு குச்சி உள்ளதா என்பது கைப்பழக்கம். பழகாத கைக்குத் துப்பாக்கி வகை சீக்கிரம் படியும். ட்ரக்குக்கு வேண்டியது இரண்டு சேனல்தான், திருப்ப ஒன்று, வேகத்துக்கு ஒன்று. 6 சேனல் உள்ள ஃபிளைஸ்கை ஜிடி 5, டம்போஆர்சி எக்ஸ் 6 போன்றவற்றை ஆட்கள் எடுப்பது பின்னால் விளக்கு, கயிறு சுற்றி இழுக்கிற வின்ச் பூட்டலாம் என்று. அவற்றோடு வருகிற சில ரிசீவர்களில் ஜைரோவும் உண்டு, வண்டி வழுக்கும்போது ஸ்டியரிங்கைத் தானாகத் திருத்தும். பழகுகிறவர் அதை அணைத்துவைத்துவிட்டே தொடங்கலாம், இல்லையென்றால் எது தன் கை, எது ஜைரோ என்று தெரியாது.

சேனலை விட நான் பார்ப்பது இரண்டு. ஒன்று, சிக்னல் அறுந்தால் மோட்டரை நிறுத்துகிற ஃபெயில்சேஃப் இருக்கிறதா. கடலைப் பார்த்து ஓடுகிற வண்டிக்கு இது இல்லாவிட்டால் பிறகு அலைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். வாங்கியதும் சில்லுகளைத் தூக்கிவைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகம் கொடுத்தபடி ரிமோட்டை அணையுங்கள். சில்லு நின்றால் சரி. நிற்காவிட்டால் அமைத்துவிட்டுத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, மாற்று ரிசீவர் தனியாகக் கிடைக்கிறதா. உப்புத்தண்ணீர் முதலில் பலியெடுப்பது ரிசீவரைத்தான். ரிசீவர் தனியாக விற்காத ரிமோட் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

பூட்டுவது ஒரு பின்னேர வேலை. ஆனால் சேர்வோவின் கொம்பை அறிவுறுத்தல் தாளில் வருகிற இடத்திலேயே அவசரப்பட்டு முறுக்கிவிடாதீர்கள். முதலில் ரிசீவர், கொன்ட்ரோலர், சேர்வோ மூன்றையும் மேசையிலேயே இணைத்து, ரிமோட்டில் நடுவைச் சரிசெய்கிற ட்ரிம்மைப் பூச்சியத்தில் வைத்து மின்சாரம் கொடுங்கள். சேர்வோ தன் நடுவைத் தானே பிடிக்கும். அந்த நிலையில் கொம்பைப் பூட்டினால் வண்டி நேரே போகும். இதைத் தவறவிட்டவர்கள் பிறகு பாதி வண்டியைக் கழற்றுவார்கள், மருமகனும் கழற்றினான்.

ரிசீவரில் முதல் சேனல் ஸ்டியரிங், இரண்டாவது கொன்ட்ரோலர். கறுப்பு அல்லது மண்ணிற வயர் எந்தப் பக்கம் என்பது ரிசீவரின் உறையில் கோடாகப் போட்டிருக்கும். மோட்டர் பின்னோக்கிச் சுற்றினால் மோட்டருக்குப் போகிற இரண்டு வயரை மாற்றிக் குத்துங்கள். பற்றரியின் வயரை மட்டும் ஒருபோதும் மாற்றாதீர்கள், கொன்ட்ரோலர் அந்தக் கணமே போய்விடும். மோட்டரின் சின்னக் கியரும் பெரிய கியரும் சந்திக்கும் இடத்தில் கொப்பித்தாள் துண்டு ஒன்றைக் கொடுத்து இறுக்கி, பிறகு தாளை இழுத்தால் இடைவெளி அளவாக இருக்கும். ரிசீவரின் அன்ரெனா வயர் நீளமாக இருக்கிறதென்று வெட்டக்கூடாது. 2.4 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்வது நுனியில் உறை உரித்த 3 சென்ரிமீற்றர்தான். அது மோட்டர் வயரோடு படுக்காமல் மேலே நிமிர்ந்து நிற்கட்டும், ஒரு ஸ்ட்ரோ துண்டு போதும்.

உப்புக்கு நான் செய்வது: ரிசீவரைத் திறந்து, பிளக் குத்துகிற ஊசிகளையும் பொத்தானையும் விட்டுவிட்டு, சுற்றுப் பலகையில் நிறமில்லாத கியூட்டெக்ஸ், அதாவது நகப்பூச்சு, இரண்டு பூச்சு. காய்ந்ததும் அதன் பெட்டிக்குள் வைத்து மூடியின் விளிம்பில் கிறீஸ். பலூனுக்குள் போட்டுக் கட்டுவதை நான் விட்டுவிட்டேன், உள்ளே வியர்த்து அதுவே ஈரமாக்கியது. மோட்டரின் காற்றோட்டத் துளைக்கு ஒன்றும் செய்ய முடியாது. புல்மோட்டைப் பக்கம் போனால் மணலிலேயே இல்மனைட் இருக்கிறது, அங்கே ஆலையில் அதைப் பிரிப்பதே காந்தத்தை வைத்துத்தான். அந்தக் கறுப்பு மணலில் காந்தம் உள்ள மோட்டரை ஓட்டுவதை யோசித்துப் பாருங்கள்.

ஓட்டி முடித்ததும் முதலில் வண்டியை அணைத்து, பிறகு ரிமோட். தொடங்கும்போது ரிமோட் முதலில். பற்றரியைக் கழற்றிவிட்டு, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, மோட்டரை மட்டும் வெளியே எடுத்துத் தட்டிக் காயவிடுவோம். மார்கழி மழையில் இது அன்றைக்கே காயாது, விசிறிக்கு முன்னால் வைக்க வேண்டும்.

கடைசியில் மருமகன் எழுதிய பட்டியலில் 60 அம்பியர் கொன்ட்ரோலர், 15 கிலோ சேர்வோ, 6 சேனல் ரிமோட், கூட ஒரு ரிசீவர், இரண்டு நிக்கல் பற்றரி, இருவகையும் ஏற்றுகிற சார்ஜர், இன்னொரு 540 மோட்டர். ஆறாவது சேனல் எதற்கு என்று கேட்டேன். "வின்ச் பூட்டத்தான் மாமா" என்றான். அடியில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருந்தான். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் 3300 கேவி.